நாலு மணித் தேநீர்

மாலை நான்கு மணி ஆகிறது. மூணாறு மலைச் சரிவில் கொழுந்து மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் வரிசையாக இறங்கி வருகிறார்கள். ஒற்றையடிப் பாதை முடியும் இடத்தில் தராசு தொங்குகிறது. அன்றைய கடைசி எடை இது. மூட்டை கொக்கியில் ஏறுகிறது. கணக்கு எழுதுபவர் எண்ணைச் சொல்கிறார். பறித்தவள் அதைக் காதால் வாங்கி மனத்தில் குறித்துக்கொள்கிறாள். பிறகு தூக்குவாளியில் மிச்சமிருக்கும் ஆறிப்போன கட்டன் சாயாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு லயத்தைப் பார்த்து நடக்கிறாள்.

லண்டன் மாநகரில் மணி நான்கு அடிக்கும்போது இங்கே இரவு எட்டரை. அங்கே குளிர்காலமானால் ஒன்பதரை. மறுநாள் விடியுமுன் எழ வேண்டியவள் அந்நேரம் படுத்துவிட்டிருப்பாள். அப்போதுதான் அங்கே பளிங்குத் தூண்களும் கொத்து விளக்குகளும் உள்ள ஹோட்டல் மண்டபங்களில், கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பின்மேல் வெள்ளிக் கெண்டி வந்து அமர்கிறது. மூன்று அடுக்குத் தட்டில் பலகாரம் வருகிறது. பியானோ மெல்ல ஒலிக்கிறது. சீமான்களும் சீமாட்டிகளும் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் காசு சேர்த்து ஒரு நாள் வந்து உட்காரும் சாமானியர்களும் அங்கே உண்டு.

இரண்டு இடத்திலும் பொருள் ஒன்றுதான். இரண்டு இலை, ஒரு மொட்டு. அந்த மேசைக்கும் இந்தத் தராசுக்கும் இடையே கிடக்கும் கதை, பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எல்லையோரம் வாழும் தமிழர்களின் சொந்தக் கதையும் ஆகும்.

பசியில் பிறந்த பழக்கம்

தேநீர் இங்கிலாந்தின் சொந்தச் சரக்கு அல்ல. அது சீனத்துப் பண்டம். 1662இல் போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரின், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசை மணந்து வந்தார். பம்பாய்த் தீவைச் சீதனமாகக் கொண்டுவந்தவர் இவரே. அவருக்குத் தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தது. அரசி குடிப்பதை அரண்மனையும் குடித்தது. அரண்மனை குடிப்பதைச் செல்வர் வீடுகளும் குடித்தன. ஆனால் விலையோ யானை விலை. வரிக்கு மேல் வரி. கள்ளக் கடத்தல் பெருகியது. 1784இல் நூற்றுக்கு 119 என்றிருந்த தேயிலை வரியைப் பன்னிரண்டரையாகக் குறைத்தார்கள். அதன் பிறகே தேயிலை ஏழையின் அடுப்படிக்கும் வந்து சேர்ந்தது.

மாலைத் தேநீர் விருந்து என்ற சடங்கு பிறந்தது 1840ஆம் ஆண்டு வாக்கில். பெட்ஃபோர்டு கோமகள் அன்னா மரியா என்பவர் விக்டோரியா மகாராணியின் தோழியர்களில் ஒருவர். அக்காலத்தில் பெரிய வீடுகளில் பகல் உணவு கொஞ்சம்தான். இராச் சாப்பாடோ எட்டு மணிக்கு. நடுவே நான்கு மணி வாக்கில் அவருக்கு வயிறு வாட்டம் கண்டது. தம் அறைக்கே தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் வரவழைத்துக்கொண்டார். பிறகு தோழிகளையும் கூப்பிட்டார். ஒருத்தியின் பசி ஊர் வழக்கமாகிவிட்டது. இப்படித்தான் கதை சொல்லப்படுகிறது.

பாலக்காட்டு அக்கிரகாரத்துப் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பகல் தூக்கம் தெளிந்து எழுந்ததும் நாலு மணிக் காப்பியும் ஒரு பலகாரமும் கல்பாத்தியில் நெடுநாளைய நடப்பு. அதற்கு ஒரு கோமகள் தேவைப்படவில்லை.

மாளிகைக்கு வந்த கெண்டி

வீட்டுக் கூடத்தில் இருந்த தேநீரை ஹோட்டல் மண்டபத்துக்குக் கொண்டுவந்த பெருமையை லண்டன் லாங்காம் ஹோட்டல் கோருகிறது. அது 1865இல் திறக்கப்பட்டது. 1889இல் சவாய் வந்தது. 1906இல் சீசர் ரிட்ஸ் தம் பெயரிலேயே ரிட்ஸ் ஹோட்டலைத் திறந்தார். அதன் 'பாம் கோர்ட்' மண்டபத்தில் தேநீர் அருந்துவது இன்றும் லண்டனுக்குப் போகிறவர்களின் ஆசைகளில் ஒன்று. இடம் வேண்டுமானால் பல வாரங்கள் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். ஜீன்ஸ் காற்சட்டையோடும் ஓட்டப் பந்தயச் செருப்போடும் போனால் வாசலோடு சரி.

மேசையில் வருவது என்ன? அடித் தட்டில் ஓரம் நறுக்கிய சிறிய சாண்ட்விச்சுகள். வெள்ளரிக்காய் வைத்தது, முட்டை வைத்தது, புகையூட்டிய மீன் வைத்தது என்று பல வகை. நடுத் தட்டில் ஸ்கோன். இது நம் ஊர் பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவிலான ஒன்று, இளஞ்சூட்டில் வரும். மேல் தட்டில் கேக்கும் இனிப்பும். கீழிருந்து மேலாகச் சாப்பிட வேண்டும் என்பது முறை. ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிளக்க வேண்டும் என்பார்கள். அதன்மேல் முதலில் பாலேட்டைத் தடவுவதா, ஜாமைத் தடவுவதா என்று ஒரு பெரிய வழக்கே உண்டு. டெவன் மாவட்டத்தார் பாலேடு முதலில் என்பர். கார்ன்வால் மாவட்டத்தார் ஜாம் முதலில் என்பர். நம்மவர்கள் இட்லிக்குச் சட்டினியா சாம்பாரா என்று வாதாடுவது போலத்தான்.

ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு நட்சத்திர ஹோட்டல்கள் பலவும் இந்த விருந்தை 'ஹை டீ' என்று விளம்பரம் செய்கின்றன. கேட்பதற்கு உயர்ந்த தேநீர் என்று படுகிறது. உண்மையில் இங்கிலாந்தில் 'ஹை டீ' என்பது தொழிலாளி வீட்டு உணவு. ஆலை வேலை முடிந்து ஐந்து, ஆறு மணிக்கு வீடு திரும்பியவன், உயரமான சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இறைச்சியும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தேநீரோடு வயிறாரச் சாப்பிடுவதே அது. செல்வர்கள் சாய்வு நாற்காலியில் அமர்ந்து தாழ்ந்த மேசையில் கொறிப்பதுதான் மாலைத் தேநீர். பாட்டாளியின் பெயரைப் பணக்கார மேசைக்குச் சூட்டிவிட்டார்கள். பெயர் மாறிப்போவது தேயிலை உலகில் இது முதல் தடவை அல்ல.

ரிட்ஸ் போன்ற இடத்தில் ஒருவர் தேநீர் அருந்த இப்போது 70 பவுனுக்கு மேல் ஆகிறது. நம் பணத்தில் 7,000 ரூபாயைத் தாண்டும். மலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒருத்தியின் இரண்டு வாரக் கூலிக்குக் குறையாத தொகை அது.

பெண்கள் உட்கார ஓர் இடம்

லண்டனில் தேநீர் மாளிகைகளில் மட்டும் இருந்துவிடவில்லை. 1864இல் ஏ.பி.சி. என்ற ரொட்டிக் கம்பெனி தேநீர்க் கடைகளைத் தொடங்கியது. 1894இல் பிக்காடில்லி வீதியில் லயன்ஸ் கம்பெனி தன் முதல் கடையைத் திறந்தது. ஒரு கோப்பையும் ஒரு ரொட்டியும் எளிய விலைக்குக் கிடைத்தன. ஆண் துணையின்றி ஒரு பெண் ஊருக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற நிலை ஏற்பட்டதில் இந்தக் கடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஓட்டுரிமைக்காகப் போராடிய பெண்கள் கூடிப் பேசிய இடங்களில் தேநீர்க் கடைகளும் இருந்தன. தேநீர்க் கோப்பைக்குள் புயல் என்று கேலி பேசுவார்கள். அங்கே உண்மையாகவே புயல் எழுந்தது. மூணாறிலும் ஒரு நாள் எழுந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கொழும்பும் டில்லியும்

வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் இந்த வழக்கமும் போயிற்று. கொழும்புக் கடற்கரையில் 1864இல் தொடங்கிய கால்ஃபேஸ் ஹோட்டலின் தாழ்வாரத்தில் கடல் காற்று வாங்கிக்கொண்டு இன்றும் மாலைத் தேநீர் அருந்தலாம். பம்பாயில் 1903இல் திறக்கப்பட்ட தாஜ்மகால் ஹோட்டலின் மாடியிலிருந்து துறைமுகத்தைப் பார்த்தபடி அருந்தலாம். தலைநகர் டில்லியில் ஜன்பத் சாலையில், 1930களில் எழுந்த இம்பீரியல் ஹோட்டலின் கண்ணாடிக் கூரை மண்டபத்திலும் அந்த ஏற்பாடு உண்டு. சாண்ட்விச்சுக்குப் பக்கத்திலேயே சமோசாவும் வடையும் வந்து உட்கார்ந்துகொள்வது இந்திய நாட்டின் கைவரிசை.

கொழும்பு ஹோட்டலில் கோப்பையைத் தூக்கும்போது ஒன்றை நினைக்க வேண்டும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இலங்கைக் காப்பித் தோட்டங்களை ஒரு பூஞ்சாண நோய் தின்று தீர்த்தது. காப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது. அந்த மலைகளைத் திருத்தியவர்கள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து போன தமிழர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு 1948இல் குடியுரிமை இல்லாமல் போயிற்று. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்பாட்டால் பல குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. தேயிலை ஏற்றுமதிக்கு இருந்த வரவேற்பு தேயிலை பறித்தவர்களுக்கு இருக்கவில்லை.

கண்ணன் தேவன் மலை

கேரளத்து மலையின் கதையும் அதே காலத்தில் தொடங்குகிறது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை உரிமை பெற்றார். மறையூர், காந்தளூர் அடங்கிய அஞ்சுநாட்டில் இருந்த தலைவர்களின் பெயரிலிருந்தே மலைக்குப் பெயர் வந்தது என்று மரபாகச் சொல்கிறார்கள். 1879இல் தோட்டக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். சிங்கோனா, காப்பி, ஏலம் என்று பலதையும் நட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் தேயிலையை நட்டார். இன்று செவன்மலை எஸ்டேட்டைச் சேர்ந்த இடம் அது. 1895இல் ஃபின்லே கம்பெனி நுழைந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி பிறந்தது.

ஆள் வேண்டுமே! கங்காணிகள் முன்பணத்தோடு தென் மாவட்டங்களில் கிராமம் கிராமமாகப் போனார்கள். பஞ்சமும் கடனும் பிடித்துத் தள்ள, குடும்பங்கள் போடி வழியாகக் கொட்டகுடிக்கு வந்து, அங்கிருந்து மலைப் பாதையில் கால்நடையாக ஏறின. அட்டைக் கடியும் மலைக் காய்ச்சலும் அவர்களை வரவேற்றன. காட்டை வெட்டியவர்கள், பாதை போட்டவர்கள், செடி நட்டவர்கள் எல்லாரும் இவர்களே.

மனிதர்கள் ஏறிய வழியாகவே தேயிலை இறங்கியது. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி ஓடியது. 1908இல் அது சிறு ரயிலாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்து, கப்பலேறி லண்டன் போயின. 1924 ஜூலையில் பெய்த பேய்மழை அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் வெள்ளம் அதுதான். ரயில் மறுபடி வரவில்லை.

மலை உச்சியில் ஒரு சீமை

ரயில் போனாலும் துரைமார்களின் மாலைத் தேநீர் நிற்கவில்லை. மூணாறில் நூறாண்டைக் கடந்த ஹைரேஞ்சு கிளப் இன்றும் இருக்கிறது. மரத் தளம், கணப்பு அடுப்பு, சுவரில் வேட்டையாடிய விலங்குகளின் தலை, பழைய தோட்டத் துரைமார்களின் தொப்பிகள் என்று ஒரு சிறு இங்கிலாந்தையே அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். வாரம் முழுதும் தனித்தனி பங்களாவில் கிடந்தவர்கள் கிளப்பில் கூடி டென்னிஸ் ஆடிவிட்டுத் தேநீர் அருந்துவார்கள். பங்களாச் சமையல்காரர்களுக்கும் ஸ்கோன் சுடத் தெரிந்திருந்தது. தமிழ்க் கையால் சுட்ட ஆங்கிலப் பலகாரம் அது.

காலம் மாறியது. 1964இல் டாட்டா கம்பெனி ஃபின்லேயுடன் சேர்ந்தது. 1983இல் டாட்டா டீ என்று ஆயிற்று. 2000இல் அதே டாட்டா டீ இங்கிலாந்தின் புகழ்பெற்ற டெட்லி கம்பெனியையே விலைக்கு வாங்கியது. சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது எனலாம். 2005இல் மூணாறுத் தோட்டங்களில் பெரும்பகுதி, 12,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பங்குதாரர்களாகக் கொண்ட புதிய கம்பெனியின் கைக்கு வந்தது. நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இந்த வரலாற்றின் பழைய இயந்திரங்களையும் படங்களையும் காணலாம்.

இலை தேநீராகும் வழி

பறித்த இலை அன்றே ஆலைக்குப் போக வேண்டும். அங்கே பரப்பிக் காற்றோட்டத்தில் பல மணி நேரம் வாட வைப்பார்கள். ஈரம் குறைந்து துவண்ட பிறகு உருட்டுவார்கள். இலை கசங்கிச் சாறு வெளியே வரும், காற்றுப் பட்டு நிறம் செம்பாகும், மணம் பிறக்கும். தக்க நேரத்தில் சூடான காற்றில் உலர்த்தினால் தேயிலை கறுத்துச் சுருளும். இது பழைய முறை. லண்டன் மேசைக்குப் போகும் முழு இலைத் தேயிலை இப்படித்தான் தயாராகிறது.

1930இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் வேறொரு இயந்திரத்தை உண்டாக்கினார். இலையைப் பல்லுள்ள உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் இயந்திரம். சி.டி.சி. என்று பெயர். நிறம் சட்டென்று இறங்கும். பாலுக்கு ஈடு கொடுக்கும். குறைந்த தூளில் நிறையக் கோப்பை கிடைக்கும். இந்தியர்களைத் தேநீர் குடியர்களாக்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 1930களில் தேயிலை வாரியத்தின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் இலவசமாகத் தேநீர் கொடுத்துப் பழக்கினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தரம் பிரிக்கும்போது முழு இலை, உடைந்த இலை, சிறு குருணை, கடைசியாகத் தூள் என்று சல்லடையில் இறங்கும். கொச்சியில் 1947இல் தொடங்கிய ஏலமையம் தூள் தேயிலைக்குப் பெயர் பெற்றது. நம் தெருக்கோடி டீக்கடைகள் அந்தத் தூளில்தான் நிற்கின்றன.

ஏலத்துக்கு முன் தேயிலையைச் சுவைத்துப் பார்க்க வல்லுநர்கள் இருக்கிறார்கள். 100 மில்லி வெந்நீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் என்று சோதனைக்கு உலகத் தர அளவே வகுத்திருக்கிறார்கள். சுவைப்பவர் ஒரு கரண்டி எடுத்துச் சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிடுவார். ரிட்ஸ் ஹோட்டலில் அப்படி உறிஞ்சினால் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும். ஆனால் அந்த ஹோட்டலுக்குத் தேயிலையைத் தேர்ந்தெடுப்பதே அப்படி உறிஞ்சித்தான்!

மேசையில் வைக்கும் அட்டையில் அசாம், டார்ஜிலிங், சிலோன் என்ற பெயர்களைக் காணலாம். மூணாறின் பெயரைக் காண்பது அரிது. பல தோட்டத்து இலைகளைக் கலந்து விற்கும் கலவையில் ஊர்ப் பெயர் கரைந்துவிடுகிறது. ஊர்ப் பெயரே கரையும்போது பறித்தவளின் பெயர் எங்கே நிற்கும்?

எல்லையோரத்து மாலை

நம் பக்கத்து மாலைத் தேநீருக்கு மூன்றடுக்குத் தட்டு இல்லை. கண்ணாடிப் பெட்டி உண்டு. பாலக்காடு வட்டாரத்தில் கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் மீனாட்சிபுரத்திலும் மூன்றரை மணிக்கே எண்ணெய்ச் சட்டி காய்ந்துவிடும். பழம்பொரி, சுகியன், பருப்பு வடை, உளுந்து வடை, வெங்காய வடை என்று பெட்டி நிறையும். மலையாளத்தில் இதற்கு 'நாலுமணிப் பலகாரம்' என்றே பெயர். கோமகளின் நேரமும் இதுவே! பித்தளைப் பாத்திரத்தில் தூளை வடிகட்டி, கை உயரத்துக்குத் தூக்கி ஆற்றி, நுரை பொங்கக் கிளாசில் ஊற்றுவார் கடைக்காரர். உடைக்கும் கட்டுப்பாடு இல்லை, இருக்கைக்கும் பதிவு இல்லை. கிளாசை நீட்டும்போதே தமிழும் மலையாளமும் கலந்த ஊர்ச் செய்தியும் கூடவே வரும்.

நெல்லியாம்பதி மலைக்கு நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணை வழியாக ஏறினால் அங்கேயும் தேயிலைத் தோட்டம். இயற்கை உரத்தில் விளையும் தேயிலைக்கு அந்த மலை பெயர் வாங்கியிருக்கிறது. இடுக்கிப் பக்கம் போனால், கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் ஏலத்தோட்டப் பெண்களுக்கு மெட்டுகளில் உள்ள டீக்கடைகளே இளைப்பாறும் இடம். அங்கே டீயில் ஏலக்காய் மணக்கும்.

இந்த எல்லையில் ஒரு விந்தையும் உண்டு. கொழுக்குமலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜீப் போகும் பாதை இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி வழியாக. சுமார் 8,000 அடி உயரம். உலகிலேயே மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்கிறார்கள். பழைய முறை ஆலை அங்கே இன்னும் ஓடுகிறது. எலும்பை உலுக்கும் பாதையில் ஏறி, காலடியில் மேகம் பரந்து கிடக்கச் சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு, அங்கேயே விளைந்த தேயிலையில் ஒரு கோப்பை குடிப்பவர்கள் பியானோ இல்லையே என்று வருந்துவதில்லை.

கோப்பைக்குள் இருக்கும் கணக்கு

ரசனைக்கு நடுவே ஒரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். 2015இல் மூணாறில் கொழுந்து எடுக்கும் பெண்ணின் நாள் கூலி 232 ரூபாய். அதற்கு அவள் பறிக்க வேண்டிய அளவு 21 கிலோ பச்சை இலை. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை, ஒரு கிலோ தேயிலை ஆகும். அப்படியானால் அவளது ஒரு நாள் உழைப்பு நாலரைக் கிலோத் தேயிலைக்கு மேல். கோப்பைக்கு இரண்டு கிராம் வைத்தால் இரண்டாயிரம் கோப்பையைத் தாண்டும். இரண்டாயிரம் பேர் பருகும் தேநீருக்கு 232 ரூபாய்!

அந்த ஆண்டு செப்டம்பரில் போனசு இருபது சதவீதத்திலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்டபோது பெண்கள் பொறுக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஆயிரக்கணக்கில் மலையிறங்கி வந்து மூணாறுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 'பொம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். ஒன்பது நாள் ஊர் அசையவில்லை. போனசும் கருணைத் தொகையுமாக இருபது சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் நடந்த பேச்சில் கூலி 301 ரூபாய் ஆயிற்று. கேட்டதோ 500. முழுதும் கிடைக்கவில்லை என்றாலும், கூடைக்குப் பின்னால் ஒரு குரல் இருக்கிறது என்பதை நாடு அறிந்தது. கூலி அதன் பிறகு சிறுகச் சிறுக ஏறி வந்திருக்கிறது.

கூலி மட்டும் அல்ல, கூரையும் கேள்வியாக இருக்கிறது. தொழிலாளர் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் ஏற்பாடு செய்வதை நிர்வாகத்தின் கடமையாக்கியது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஆனால் லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்கு இருந்தால்தான் தொடரலாம். மூன்று, நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்த மலையில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் ஏராளம். தாத்தா விட்டு வந்த ஊரில் இவர்களை அறிந்தவர்கள் இல்லை.

2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்தது. வெளி உலகுக்குச் செய்தி தெரிந்தது மறுநாள் காலையில். எழுபது உயிர்கள் போயின. தூத்துக்குடி மாவட்டத்தோடு உறவுள்ள தமிழ்க் குடும்பங்கள் அவர்களில் பல. தப்பியவர்களில் சிலருக்குக் குட்டியாற்றில் வீடு கட்டித் தரப்பட்டது. பாதுகாப்பான இடத்தில் சொந்த வீடு என்ற கோரிக்கை மற்ற லயங்களில் இன்னும் அப்படியே இருக்கிறது.

படித்த பிள்ளைகள் மலையிறங்கிக் கொச்சிக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்ட வரிசையில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் கொட்டகுடிப் பாதையில் ஏறியவர்களுடைய கதையை அவர்கள் வேறு மொழியில் மறுபடி தொடங்குகிறார்கள். பெண்ணின் கை நுனியில் இருந்த இடத்தில் பல தோட்டங்களில் கத்திரி வந்துவிட்டது. கையால் கிள்ளிய கொழுந்துக்கு இருக்கும் நயம் கத்திரி வெட்டில் குறையும் என்று தேயிலை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். பறிக்கிறவளுக்கு வாழ வழியில்லாமல் போனால் நல்ல தேநீரும் இல்லாமல் போகும்.

மரியாதையோடு ஒரு கோப்பை

மாலைத் தேநீரை ரசிப்பதில் தவறு ஏதும் இல்லை. லண்டனுக்கோ கொழும்புக்கோ டில்லிக்கோ போக வாய்த்தவர்கள் ஒரு முறை அந்த மேசையில் உட்கார்ந்து பார்க்கலாம். அவசரமில்லாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே குடிப்பது ஒரு நாகரிகம்தான். வாய்க்காதவர்கள் வீட்டிலேயே செய்யலாம். கெண்டியை வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு சிறு கரண்டி இலைத் தேயிலை. நன்றாகக் கொதித்த நீரை ஊற்றி மூடி நாலைந்து நிமிடம் விட வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. வடித்து, முதலில் பாலில்லாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் மலையின் குளிர்ச்சி நாக்கில் தெரியும். தூளைப் பாலில் கொதிக்கவிட்டே பழகியவர்களுக்கு இது புது ருசி. கூடவே ஒரு பருப்பு வடை இருந்தால் கோமகள்கூடக் குறை சொல்லமாட்டார்.

தேயிலை வாங்கும்போது உறையைத் திருப்பி எந்த மலை, எந்தத் தோட்டம் என்று பார்ப்பது நல்லது. கேட்கிற வாடிக்கையாளர் பெருகினால் ஊர்ப் பெயர் உறையில் ஏறும். ஊர்ப் பெயர் ஏறினால் விலை ஏறும். ஏறும் விலையில் ஒரு பங்கு தராசு தொங்கும் இடம்வரை இறங்கி வர வேண்டும். அது தானாக இறங்காது என்பதைத்தான் மூணாறுப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து காட்டினார்கள்.

மலையில் பொழுது சாய்கிறது. எடை முடிந்து மூட்டைகள் டிராக்டரில் ஏறுகின்றன. லயத்து வாசலில் விறகடுப்பு புகைகிறது. வேலை முடிந்து வந்தவள் கை கால் கழுவி, கொதிக்கும் நீரில் ஒரு கை தூள் போட்டு இறக்குகிறாள். வீட்டில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியாகத் தனக்கு ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருகிறாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள். இரண்டாயிரம் பேருக்குத் தேநீர் தந்தவள் அருந்தும் அன்றைய முதல் சூடான தேநீர் அது.